மறு: சாலையை அகலப்படுத்தினால் பெருகும் வண்டிகள்: ‘ஊறுவரத்து’ சரியா?

நண்பர்களே,

சாலையை விரித்தால் வண்டிகளும் பெருகுவதை ஆங்கிலத்தில் induced demand என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘ஊறுவரத்து’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது:

> ‘தூண்டப்பட்ட தேவை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது ஐயா. முதல் சிக்கல் ‘தேவை’. பொருளியல் படித்தவருக்கு அது தேவை-அளிப்பு (demand-supply). இலங்கைப் பாடநூல்களில் கேள்வி-நிரம்பல். மற்ற எல்லாருக்கும் தேவை என்றால் அவசியம். ‘சாலை விரிந்ததால் தேவை கூடியது’ என்று எழுதிப் பாருங்கள், இன்னொரு மேம்பாலம் கேட்கிற மாதிரி இருக்கும். சொல்ல வந்ததோ நேர் எதிர். அடுத்த சிக்கல் ‘தூண்டல்’. அது induction என்ற பொருளில் மின்னியலில் குடியேறி வெகுநாள் ஆயிற்று.

நடப்பது என்ன? நான்கு தடச் சாலை ஆறு தடம் ஆகிறது. நெரிசலுக்குப் பயந்து ஆறரைக்கே கிளம்பியவர் இப்போது எட்டரைக்குக் கிளம்புகிறார். சுற்று வழியில் போனவர் நேர் வழிக்கு வருகிறார். ரயிலில் போனவர் காரை எடுக்கிறார். வீட்டிலேயே இருந்தவரும் ‘ஒரு எட்டு போய் வரலாம்’ என்கிறார். கொஞ்ச நாளில் ஆறு தடமும் நிறைகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை விதியாக எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை, அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம் வரும்படி 2008-இல் விரித்து முடித்தார்கள். சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது.

இதில் யாரும் யாரையும் தூண்டவில்லை. இடம் கிடைத்தது, வந்தார்கள். மணலில் பள்ளம் தோண்டினால் நீர் ஊறுவது போல, தோண்டுகிற அளவுக்கு. அதனால்தான் ‘ஊறுவரத்து’. நீர்வரத்தில் இருப்பதும் போக்குவரத்தில் பாதியும் அதே வரத்துதானே.

‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. எட்டரை மணி நெரிசலில் நிற்பவர் அந்தப் பொருளையும் மறுக்க மாட்டார். வெறும் ‘ஊறல்’ மட்டும் வேண்டாம். சாராயம்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது. சியோலில் 2003-இல் சியோங்கியேச்சியோன் ஓடை மேலிருந்த மேம்பாலச் சாலையை இடித்தார்கள். பேருந்து வசதியையும் சீராக்கினார்கள். அந்த வண்டிகள் அத்தனையும் பக்கத்துத் தெருக்களில் வந்து முட்டவில்லை, ஒரு பகுதி காணாமலே போயிற்று. ஊறியது வற்றுகிறது: ‘வரத்து வற்றுதல்’.

அப்புறம், பாக்கி ஒன்று. சாலை விரியும் முன் நெரிசலை நினைத்துக் கிளம்பாமலே நிற்கும் பயணங்கள், மண்ணுக்குள் இருக்கும் நீர் மாதிரி. ஆங்கிலத்தில் latent demand. ‘உறைவரத்து’ என்று குறித்து வைத்தேன். உறை என்றதும் பனிக்கட்டி தோன்றுகிறது. இன்னும் வராததை வரத்து என்பதும் இடிக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?