புதுப்பிப்பு: மோட்டார் ஹோம் ஆயில் மாற்றம், ஃபோர்டு இ-450

மோட்டார் ஹோம் (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) ஆன ஃபோர்டு இ-450-இன் 6.8 லிட்டர் வி10 இன்ஜினில் ஆயில் மாற்றும் முறையை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். மாற்றிய பிறகும் ஆயில் சொட்டுவதாகப் பலர் கேட்டதால் இது.

முதலில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத் தேடுங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் இன்ஜினில் படிந்தபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்; ஸ்பேனர் வேண்டாம். ஃபில்டர் மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-820எஸ். கழற்றும்போது வண்டியின் அடிச்சட்டத்தில் வழிந்த ஆயிலும் பிறகு சொட்டும். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

5டபிள்யூ-20 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 6 குவார்ட், அதாவது சுமார் 5.7 லிட்டர். 5 குவார்ட் ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் வடிய நேரம் கொடுத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்து மீதியை ஊற்றுங்கள். வண்டி சமதரையில் நிற்காவிட்டால் அளவு பொய் சொல்லும்.

லெவலிங் ஜாக்கை நம்பி அடியில் நுழையவே கூடாது. அது வண்டியைச் சமன் செய்யத்தான். உயிரைத் தாங்க அல்ல. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வண்டியில் உள்ள ஜெனரேட்டருக்குத் தனி ஆயில். அது ஓனான் மைக்ரோலைட் மாடல் என்றால் 150 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.