கோயில் திருப்பணியும் தொன்மைப் பாதுகாப்பும்: எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி – பதிவர்: மேலக்கரை

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பிற்காலச் சோழர் காலத்தது. கருவறையும் அர்த்தமண்டபமும் கருங்கல்லால் ஆனவை. கருவறை மேல் எழும் விமானத்தின் மேல்தளங்கள் செங்கல்லும் சுதையும் (சுண்ணாம்புச் சாந்து வேலை). முன்மண்டபம் நாயக்கர் காலத்தில் சேர்க்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலிலும் மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியலிலும் இக்கோயில் இல்லை. அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. குடமுழுக்கு நடந்து நெடுங்காலமாகிவிட்டதால் இப்போது திருப்பணிக்கு ஏற்பாடு நடக்கிறது. கற்சுவர்களை மணல் வீச்சு முறையில் (காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சியடித்து) சுத்தம் செய்வது, விமானத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, திருச்சுற்றில் புதிய கல்தளம், சுதை உருவங்களுக்கு எனாமல் வண்ணம் என்று மதிப்பீடு தயாராகியுள்ளது.

நான் மறுப்புத் தெரிவித்தபோது குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "இது வழிபாடு நடக்கும் கோயில்; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வது நம் மரபு. பாழடைந்த கட்டடங்களுக்காக ஐரோப்பாவில் எழுதிய விதிகளை இதற்கு ஏன் பொருத்துகிறாய்?" என்றார். கோட்பாட்டளவில் அவர் சொல்வது சரியா? சரியென்றால், நடைமுறையில் எங்கே எல்லைக்கோடு போடுவது?

பதில் – பதிவர்: கற்றளி

பெரியவரின் கேள்வி நியாயமானது. ஆனால் அதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன.

பழங்கட்டடப் பாதுகாப்புக்கான நெறிகளாக இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஐரோப்பியச் சூழலில் பிறந்தது என்பது உண்மையே. அதன் பின்னணியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கசப்பான அனுபவம் இருக்கிறது: பிரான்சில் வியோலே-லெ-டுயூக் போன்ற கட்டடக் கலைஞர்கள், ஒரு தேவாலயம் எந்த நாளிலும் பெற்றிராத 'முழுமையான' வடிவத்தைக்கூடத் தங்கள் ஊகத்தால் அதற்கு அளிக்கத் துணிந்தார்கள். அதற்கு மறுமொழியாகத்தான், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்து போனாலும் கூர்ந்து பார்த்தால் வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சாசனம் வகுத்தது. 1994இல் ஜப்பானின் நாராவில் உருவான ஆவணம் இதற்கு ஒரு திருத்தம் போல வந்தது. மூலத்தன்மை என்பதை எல்லாப் பண்பாடுகளுக்கும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியாது என்று அது ஏற்றுக்கொண்டது. ஈசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தால் அப்படியே மறுபடி கட்டும் நாட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்ததில் வியப்பில்லை. ஆகவே வழிபாட்டுத் தொடர்ச்சியும் ஒரு மதிப்பே என்று வாதிடுவதற்குக் கோட்பாட்டில் இடம் இருக்கிறது.

இரண்டாவது செய்தி, 'நம் மரபு' என்று எதைச் சொல்கிறோம் என்பது. மயமதம் என்ற சிற்ப நூலில் புதுப்பித்தலுக்கென்றே ஓர் இயல் உண்டு. உறுப்புகளின் இலக்கணம் இன்னும் புலப்படும் நிலையில் உள்ள கோயிலை, அதன் சொந்தப் பொருள்களைக் கொண்டே, பழைய அகலமும் உயரமும் மாறாமல், முன்பு இல்லாத எதையும் சேர்க்காமல், அறிந்தவர்களின் கருத்தைக் கேட்டுச் சீர்செய்ய வேண்டும் என்பது அது சொல்வதன் சாரம். சிமெண்டுப் பூச்சையும் எனாமல் வண்ணத்தையும் இதற்குள் அடக்குவது எளிதன்று. பாலாலயம் செய்து (பணிக்காலத்தில் இறைவனைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து), திருப்பணி முடித்து, குடமுழுக்கு நடத்துவது என்ற முறைமையில் மணல் வீச்சு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பெரியவரிடமே நீங்கள் கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார் பல செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிக் கட்டினார். பழைய கட்டடம் அழியும்போது அதிலிருந்த கல்வெட்டுகளும் அழியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். திருக்கோடிகாவல் போன்ற ஊர்களில் முந்தைய மன்னர்களின் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, 'இதுவும் ஒரு பழங்கற்படி' (பழைய கல்வெட்டின் நகல்) என்ற குறிப்போடு புதிய சுவரில் பொறிக்கப்பட்டன. வெனிஸ் சாசனத்தின்படி பழைய கோயிலை அகற்றியது குற்றமாகலாம். ஆனால் பணிக்கு முன் ஆவணப்படுத்து, எது படி எது மூலம் என்பதை மறைக்காதே என்ற அதன் கடமையை அந்த அம்மையார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நிறைவேற்றியிருக்கிறார். உங்கள் குழு பின்பற்ற வேண்டிய மரபு இதுவே என்பது என் கருத்து.

பதில் – பதிவர்: காரைப்பூச்சு

நான் கட்டுமானப் பொறியாளர். பழைய கோயில்களின் திருப்பணிகளில் பணியாற்றியவன். கோட்பாட்டை முந்தைய பதிலர் விளக்கிவிட்டதால், பொருள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுண்ணாம்புக் காரை மென்மையானது; நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும். சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றிப் பல வாரம் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீர் கலந்து பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. சிமெண்டு இதற்கு நேர்மாறானது: செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியேவிடாதது, கரையும் உப்புகளைக் கொண்டது. எப்படியும் விரிசல் விடும் அந்தப் பூச்சின் வழியே மழைநீர் உள்ளே புகும், ஆனால் வெளியேற வழியிருக்காது. ஈரம் உலரும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடித்துவிடும். சில ஆண்டுகளில் பூச்சு தகடு தகடாக விழும்போது பழைய சுதையையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். கற்சுவரின் இணைப்புகளைச் சிமெண்டால் அடைப்பதும் இதே கேடுதான். சோழர் காலக் கற்சுவர்களின் முகக்கற்கள் பெரும்பாலும் காரையின்றியே அடுக்கப்பட்டவை. உட்புகும் நீர் அந்த இடுக்குகள் வழியாகவே கசிந்து வெளியேறுகிறது.

பொருந்தாப் பொருளின் விளைவுக்கு உலகம் அறிந்த சான்று ஏதென்ஸில் இருக்கிறது. பார்த்தெனான் கோயிலின் பளிங்குக் கற்களைப் பிணைக்கப் பண்டைய கிரேக்கர்களும் இரும்புப் பிடிகளையே பயன்படுத்தினார்கள். ஆனால் அவற்றைச் சுற்றி ஈயம் வார்த்தார்கள். 1898 முதல் 1933 வரை அங்கே பணியாற்றிய நிக்கோலாஸ் பலனோஸ் ஈயக் காப்பு இல்லாத இரும்பைப் பதித்தார். பழங்கட்டடப் பாதுகாப்பு குறித்த 1931ஆம் ஆண்டின் ஏதென்ஸ் மாநாடு அவருடைய பணிகளைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டது என்பதையும், பழைய கட்டடங்களில் வலுவூட்டிய காங்கிரீட்டைப் பயன்படுத்தலாம் என்று இசைந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அறிஞர்களின் ஒப்புதல் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. அந்த இரும்பு துருப்பிடித்துப் பருத்து, காலம் உடைக்காத கற்களையும் பிளந்தது. 1975இல் அமைந்த குழுவின் பணியில் அந்தப் பிடிகள் அகற்றப்பட்டு டைட்டானியம் பொருத்தப்படுகிறது.

மணல் வீச்சைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. சிற்பியின் உளித்தடமும் கல்வெட்டின் எழுத்து விளிம்பும் கல்லின் மேல்தோலில்தான் இருக்கின்றன. மணல் வீச்சு அழுக்கோடு அந்தத் தோலையும் எடுத்துவிடுகிறது. சொரசொரப்பான புதிய பரப்பில் பாசி முன்னைவிட விரைவாகப் பற்றும் என்பது கூடுதல் இழப்பு. பாசிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நீர்த்த அமோனியாவும் அயனியற்ற சலவைப் பொருளும் சேர்ந்த கரைசலை மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுவது போதும். அதையும் முதலில் ஒரு சிறு பகுதியில் சோதித்துப் பார்த்து, தொல்லியல் வேதியியல் அறிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

திருச்சுற்றுத் தளம் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த சேதங்களில் கணிசமானவை அதிலிருந்து தொடங்கியவை. பழைய தளத்தின் மேலேயே புதுக்கல் பதிப்பதால் தரைமட்டம் உயர்ந்து, அதிட்டானத்தின் (கோயிலின் அடிப்பீடத்தின்) கீழ்ப்படைகளும் அவற்றிலுள்ள கல்வெட்டுகளும் புதைகின்றன. மழைநீர் வெளியே ஓடுவதற்குப் பதிலாகச் சுவரை நோக்கி ஓடுகிறது. முதலில் பழைய நீர்ப்போக்கிகளைக் கண்டுபிடித்துத் தூர்வாருங்கள். பிறகு தளம் தேவையா என்று பார்க்கலாம்.

பதில் – பதிவர்: உபயதாரர் வீட்டுப் பிள்ளை

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன் என்றாலும், சுண்ணாம்பு என்று சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது. ஒழுங்காக நீறாத சுண்ணாம்பைப் பூசினால் அது பின்னர் சுவரிலேயே நீறிப் பொரிந்து கொட்டும். அடைமழைக் காலத்தில் பூசிய காரை இறுகுவதற்கு முன்பே கரைந்து போகும். எங்கள் ஊரில் ஒப்பந்தக்காரர் ஒருவர் சிமெண்டில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து 'பழைய முறை' என்று கணக்கு எழுதினார். குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் திணிக்கும் வழக்கமே, என் பார்வையில், சிமெண்டைவிடப் பெரிய எதிரி. காரைக்குத் தேவையான மாதங்களைக் கணக்கிட்ட பிறகே நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பவர்களின் மனநிலையையும் எண்ணிப் பாருங்கள். பளபளக்கும் தளத்துக்கும் வண்ணத்துக்கும் உபயம் கிடைக்கும். நீர்ப்போக்கியைத் தூர்வாருவதற்கும் விமானத்தில் முளைத்த அரசங்கன்றின் வேரை அகற்றுவதற்கும் கிடைப்பது கடினம். எனவே கண்ணுக்குத் தெரியாத வேலைகளைத் தனித்தனி உபயங்களாகப் பிரித்து, கொடுத்தவர் பெயரைக் கோயில் பதிவேட்டில் எழுதும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். எங்கள் ஊரில் நீர்ப்போக்கிக்கே ஒரு குடும்பம் முன்வந்தது இப்படித்தான்.

வழிபாட்டுக் கோயிலுக்குப் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது என்ற வாதத்துக்குத் திருவரங்கம் நல்ல மறுமொழி. அங்கே 2015இல் குடமுழுக்கோடு நிறைவடைந்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுரிமைப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று கிடைத்தது.

பதில் – பதிவர்: மைப்படி

கல்வெட்டுத் துறையில் பணி செய்பவன் என்ற முறையில் இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது ஆவணம். பாலாலயத்துக்கு முன்பே சுவர் சுவராக, பக்கவாட்டு ஒளியில், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கல்வெட்டுகளை மைப்படி (கல்மீது தாளை ஒற்றி மை பூசி எடுக்கும் நகல்) எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கல்லைக் கழற்றிப் பூட்ட வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு வரைபடத்தில் குறியுங்கள். எண்ணை எனாமலில் எழுதாதீர்கள். கல்வெட்டின் மேலேயே சிவப்பு எண்கள் நிரந்தரமாக நிற்பதை எத்தனையோ கோயில்களில் பார்க்கலாம்.

இரண்டாவது, உங்கள் நாயக்கர் கால மண்டபம். அதன் விதானத்தில் (உட்கூரையில்) வெள்ளையடித்திருந்தால், அடியில் ஓவியம் இருக்கக்கூடும் என்று எண்ணியே அணுகுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைப் பிரித்தெடுத்தபோது அதை உதிர்த்துவிடாமல் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிக் காத்தது. பழையதற்காகப் புதியதைப் பலியிடாத செயல் அது. ஒரு கட்டடத்துக்கு ஒவ்வொரு காலமும் அளித்த பங்கை மதிக்க வேண்டும் என்ற கொள்கை இப்படித்தான் செயலாகிறது. 'சோழர் கோயில்' என்ற பெருமைக்காக முன்மண்டபத்தை அகற்றலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதத் தீர்ப்பில் தொன்மையான கோயில்கள் குறித்து 75 கட்டளைகளைப் பிறப்பித்ததையும், அறநிலையத் துறைக் கோயில்களின் திருப்பணி முன்மொழிவுகள் வல்லுநர் குழுக்களின் ஆய்வுக்கு உட்பட்டவை என்பதையும் திருப்பணிக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தனிப்பட்ட பகையாக எடுத்துக்கொள்வார்கள்.

மேலக்கரை மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. மணல் வீச்சைக் கைவிடக் குழு ஒப்புக்கொண்டது; தளத்தைப் பற்றிய பேச்சு நடக்கிறது. பழங்கற்படிச் செய்தியைக் கேட்ட பெரியவர், படம் எடுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றிருக்கிறார். ஒரே ஓர் ஐயம்: முன்மண்டபத்தின் உத்திரம் ஒன்றில் விரிசல் தெரிகிறது. அதை அகற்றிக் காங்கிரீட் உத்திரம் வைக்க வேண்டும் என்கிறார்கள். மாற்று உண்டா?

காரைப்பூச்சு:

முதலில் அந்த உத்திரத்தின் கீழ் மரத்தாலோ எஃகாலோ முட்டுக்கொடுங்கள். அடுத்து, கூரைக்கு மேலே ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பணியிலும் ஒழுகலைத் தடுக்கப் பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதிய காரைத் தளமும் தட்டோடும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கூடுதல் பாரமே கீழே விரிசலாகத் தெரிவது வழக்கம். பிற்காலச் சேர்க்கைகளைக் கவனமாக அகற்றி, வாட்டம் சரிசெய்து, ஒரே ஒரு காரைத் தளம் இட்டால் பாரம் பெருமளவு குறையும்.

அதன் பிறகும் வலுவூட்டல் தேவைப்பட்டால், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைத் துளையிட்டுச் செலுத்திக் கல்லைத் தைக்கும் முறை இருக்கிறது. அதுவும் இயலாத அளவுக்கு உடைந்திருந்தால், அதே வகைக் கல்லில் புதிய உத்திரம் செய்து, கண்ணில் படாத பக்கத்தில் ஆண்டைப் பொறித்து ஏற்றலாம். இவற்றுள் எது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி, வடகிழக்குப் பருவமழை முடியும் வரை கவனியுங்கள். கண்ணாடி உடைந்தால் கல் இன்னும் அசைகிறது என்று பொருள், உடையாவிட்டால் முட்டோடு நிறுத்திவிட்டுக் கூரை வேலையை முதலில் முடிக்கலாம்.