கரி நீக்கித் திரவம்: எங்கே வேலை செய்தது, எங்கே கைவிரித்தது?

நெடுஞ்சாலைக்காரன்

என்னுடையது பழைய பெட்ரோல் கார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் குலுங்கும்; சூடேறியதும் அடங்கிவிடும். மேட்டில் ஏறும்போது கிணுகிணுவென்று நாக்கிங் சத்தம் வேறு. பிளக் மாற்றினேன், இக்னிஷன் காயில் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் பி.இ.ஏ. எனப்படும் பாலிஈதர்அமீன் என்ற கரி நீக்கும் சேர்மம் கலந்த திரவத்தை வாங்கி, கிட்டத்தட்டக் காலியாக இருந்த டேங்கில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினேன். இந்த வரிசை முக்கியம். அப்போதுதான் திரவம் நன்றாகக் கலக்கும்.

முதலில் எந்த மாற்றமும் இல்லை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு காலைக் குலுக்கல் மெல்ல மெல்லக் குறைந்தது. காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் நுழையும் இன்டேக் வால்வின் முதுகில் படிந்த கரி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பீய்ச்சப்படும் பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போய்ச் சேரும் பெட்ரோல் குறைந்துவிடுவதால்தான் அந்த ஆட்டம்.

நாக்கிங் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பிஸ்டன் தலையில் சேரும் கரி எரியறையின் இடத்தைச் சுருக்கிவிடும், வெப்பத்தையும் பிடித்துவைக்கும். வண்டி அதிக ஆக்டேன் பெட்ரோல், அதாவது நாக்கிங்கை அதிகம் தாங்கும் பெட்ரோல், கேட்கத் தொடங்குவது அதனால்தான். மைலேஜில் நான் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. பாட்டில் அட்டையில் என்னவோ பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள்.

டர்போ பெட்ரோல்

நீங்கள் கொடுத்துவைத்தவர். அதே வகைத் திரவத்தை நானும் ஊற்றினேன். குலுக்கல் இம்மிகூடக் குறையவில்லை. என் வண்டி நேரடி இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் இன்டேக் பாதையில் வராமல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது.

மெக்கானிக் பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டுக் காட்டினார். பிஸ்டன் தலையின் ஓரங்களில் கரி உதிர்ந்து உலோகம் தெரிந்தது. அதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். பிறகு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வைக் காட்டினார். தண்டைச் சுற்றிக் கெட்டியான கறுப்புப் படிவு. மேலே எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் சுரண்டினாலும் வராத கட்டி. “சார், நீங்கள் ஊற்றியது இந்த வழியாக வரவே வராதே!” என்று சிரித்தார். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி சூடான வால்வில் பட்டுக் காய்ந்து கரியாகிறது. அதைக் கழுவிவிடப் பெட்ரோல் அந்தப் பக்கம் வருவதில்லை.

கடைசியில் அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் சுத்தம் செய்தார். எந்தச் சிலிண்டரில் வால்வுகள் முழுதாக மூடியிருக்கின்றனவோ அதில் மட்டும் அடித்து, தூளைக் கூடவே உறிஞ்சி எடுத்தார். அந்தத் தூள் கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. மறுநாள் காலை எஞ்சின் அசையாமல் நின்றது. டொயோட்டாவின் டி-4எஸ் அமைப்பு போல இன்டேக் பாதை, சிலிண்டர் என இரண்டு இடத்திலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. என்னைப் போன்றவர்களுக்கு இன்ஜெக்டர் முனையும் எரியறையும் சுத்தமானால் போதும் என்றால் மட்டும் பாட்டில் வாங்குங்கள்.

டீசல் மட்டும்

டீசலுக்கென்றே உள்ள திரவத்தை ஊற்றினேன், பெட்ரோலுக்கானதை ஊற்றிவிடாதீர்கள். இன்ஜெக்டர் துளைகள் திறந்துகொண்டன என்று நினைக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கிளம்பும் கரும்புகை குறைந்தது. ஆனால் ஈ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொண்டது அப்படியேதான் இருந்தது. புகைபோக்கிக்குப் போக வேண்டிய புகையில் ஒரு பங்கு எஞ்சினுக்கே திரும்பி வரும் வழி அது. டேங்கில் எதை ஊற்றினாலும் அங்கே வந்துசேரும்போது எரிந்து முடிந்திருக்கும். கழற்றித்தான் கழுவ வேண்டியிருந்தது.

புது வண்டி

அனைவருக்கும் நன்றி. என் வண்டி, பெட்ரோலை இன்டேக் பாதையில் பீய்ச்சும் பழைய வகை இன்ஜெக்‌ஷன்தான். ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்றிக்கொண்டே இருக்கலாமா?

நெடுஞ்சாலைக்காரன்

வேண்டாம். நல்ல பெட்ரோலில் ஏற்கெனவே சுத்திகரிப்புச் சேர்மம் இருக்கிறது. அமெரிக்காவில் 1995 முதல் அது சட்டப்படி கட்டாயம். அந்த அளவு போதாது என்றுதான் 2004-இல் பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து ‘டாப் டியர்’ என்ற கூடுதல் தரத்தைக் கொண்டுவந்தன. அப்படிப்பட்ட பெட்ரோல் போடுகிறவருக்கு பாட்டில் எப்போதாவதுதான் தேவைப்படும்.

இன்னொன்று, திரவத்தில் கொஞ்சம் எரியாமல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் மாற்றும் தேதி நெருங்கும்போது ஊற்றி, ஒரு நீண்ட பயணம் போய்விட்டு வந்து, அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலை மாற்றிவிடுகிறேன். இத்தனை லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று அதிலேயே போட்டிருக்கும். இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாகச் சுத்தமாகாது.