கொல்லிமலை இறக்கம்: மின்சார ஸ்கூட்டர் வளைவில் ஒரு சமயம் பிடிக்கிறது, ஒரு சமயம் விட்டுவிடுகிறது. என்ன கோளாறு?

ராசிபுரத்தான்

வணக்கம். சமீபத்தில்தான் பெட்ரோல் ஸ்கூட்டரிலிருந்து மின்சார ஸ்கூட்டருக்கு மாறினேன். ஊருக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. கொல்லிமலை இறக்கம்தான் பாடாய்ப்படுத்துகிறது.

காரவள்ளியிலிருந்து ஏறும்போது அருமையாக இழுக்கிறது, எழுபது கொண்டை ஊசியும் ஏறியதே தெரியவில்லை. மறுநாள் காலை இறங்கும்போதுதான் கூத்து. மேலே உள்ள முதல் சில வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டாலும் வண்டி வேகம் குறைய மாட்டேன் என்கிறது, பிரேக்கை அமுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பாதி மலை இறங்கியதும் நேர்மாறு. ஆக்ஸிலேட்டரை விட்ட உடனே பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல வண்டி பிடிக்கிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது அப்படிப் பிடித்தால் பின்சக்கரம் லேசாக வெளியே நகர்கிறது.

சர்வீஸில் காட்டினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு எந்தக் கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண்ட்ரோலர் பிரச்சினையா, டயரா? கூட வந்த நண்பர் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் ஒவ்வொரு வளைவிலும் என்னை விட்டுவிட்டுப் போகிறார். பயமில்லாமல் கொஞ்சம் வேகமாகத் திரும்ப வழி உண்டா?

ஈரோடு மின்வண்டி

ஒரே கேள்வி. மேலே தங்கிய இடத்தில் சார்ஜ் போட்டீர்களா? எவ்வளவு?

ராசிபுரத்தான்

செம்மேட்டில் அறை எடுத்திருந்தோம். இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஈரோடு மின்வண்டி

அப்படியென்றால் வண்டியில் கோளாறில்லை, சர்வீஸில் சொன்னது சரிதான்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி பிடிக்கிறதே, அது ரீஜென். அந்த நேரத்தில் மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. மீறி ஏற்றினால் செல்கள் கெட்டுவிடும் என்பதால் கண்ட்ரோலர் ரீஜென்னைக் குறைத்துவிடும், இல்லை மொத்தமாக நிறுத்திவிடும். லித்தியம் பேட்டரி குளிர்ந்திருந்தாலும் சார்ஜை வேகமாக வாங்காது. மலைக்காலையில் கிளம்பிய உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

கரூர் பாலா

இதில் ஒரு சந்தேகம். இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையே இல்லையே, அப்புறம் சார்ஜ் குறைந்து ரீஜென் எப்படித் திரும்பி வந்தது?

ஈரோடு மின்வண்டி

நல்ல கேள்வி. செம்மேட்டிலிருந்து மலை விளிம்புக்கு வரும் வழியில் ஏற்றமும் உண்டு, அங்கே கொஞ்சம் செலவாகும். வளைவுக்கு வளைவு நடுவில் எல்லோரும் ஆக்ஸிலேட்டரைத் திருகத்தான் செய்கிறோம். விளக்கு, டிஸ்ப்ளே எப்போதும் எடுத்துக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரியில் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கினாலே வோல்டேஜ் சட்டென்று கீழே வரும், கண்ட்ரோலர் பார்ப்பது அதைத்தான். பேட்டரியும் அதற்குள் கொஞ்சம் சூடாகியிருக்கும்.

சேலம் சிங்கம்

இதற்கு இவ்வளவு விளக்கமா ப்ரோ? இறக்கத்தில் சாவியை ஆஃப் செய்துவிட்டு உருட்டிக்கொண்டே வாருங்கள். சார்ஜும் மிச்சம், இழுவையும் இருக்காது.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

சிங்கம் தம்பி, இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். சாவியை ஆஃப் செய்தால் பிரேக் லைட் எரியாது, ஹாரன் அடிக்காது. பல வண்டிகளில் ஹேண்டில் லாக்கும் அதே சாவியில்தான் இருக்கிறது. கொண்டை ஊசியில் ஹாரன் இல்லாமல் இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராசிபுரத்தாருக்கு: பின்சக்கரம் ஏன் நகர்கிறது என்று சொல்கிறேன். டயருக்கு இருக்கும் மொத்தப் பிடிப்பு ஓர் அளவுதான். சாய்ந்திருக்கும்போது அதில் பெரும்பங்கு வண்டியைத் திருப்புவதற்கே போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் பிரேக் பிடிக்க முடியும். ரீஜென் வேலை செய்வது பின்சக்கரத்தில் மட்டும். இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் இன்னும் முன்னால் போகும். எடை குறைந்த பின்டயரைப் போய் ரீஜென் பிடித்தால் அது நகராமல் என்ன செய்யும்? மண் கிடந்தாலோ ஈரமாக இருந்தாலோ நகர்தல் வழுக்கலாகிவிடும்.

பெட்ரோல் ஸ்கூட்டரில் பெல்ட் டிரைவ். ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் லேசாகத்தான் பிடிக்கும், அதனால் வளைவுக்குள் விட்டாலும் பெரிதாகத் தெரியாது. உங்கள் கைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

டயரையும் பாருங்கள். ஊருக்குள் நேராகவே ஓடும் ஸ்கூட்டரில் பின்டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்கும், வண்டி படக்கென்று விழுவது போல இருக்கும். காற்றை ஓட்டுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். மலை ஏறி முடித்துச் சூடாக இருக்கும்போது அளந்து, கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடக் கூடாது.

இயற்பியல் வாத்தியார்

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆளும் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 0.55 யூனிட். 3 யூனிட் பேட்டரியில் அது 18 சதவீதம். அத்தனையும் பேட்டரிக்கு வராது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கைத் தின்றுவிடும், பிரேக்கில் கொஞ்சம் போகும், மோட்டாரிலும் இழப்பு உண்டு. ஆக, 80 சதவீதத்தில் கிளம்பினால் அடிவாரம்வரை ரீஜென்னுக்கு இடம் இருக்கும். 100-ல் கிளம்பினால் அந்த அரை யூனிட்டில் பெரும்பங்கை உங்கள் பிரேக் லைனிங்தான் சூடாக விழுங்க வேண்டும்.

வளைவு வேகத்துக்கும் ஒரு கணக்கு. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப 17, 18 டிகிரி சாய்ந்தால் போதும். 25 கி.மீ. என்றால் 26 டிகிரி. 30 கி.மீ. என்றால் 35 டிகிரி, பல ஸ்கூட்டர்களில் ஸ்டாண்ட் தரையில் உரச ஆரம்பிக்கும் இடம் அதுதான். வேகம் ஒன்றரை மடங்கானதும் சாய்வு இரண்டு மடங்காகிவிட்டது. கொண்டை ஊசியில் 'இன்னும் ஒரு அஞ்சு கூட்டிப் பார்ப்போம்' என்பதற்கு என்ன விலை என்று இதில் தெரியும்.

குன்னூர்வாசி

பேட்டரி சமாசாரத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தினமும் மலையில்தான் ஓட்டுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியில் நாம் மீட்டரைப் பார்த்து வேகத்தை அறிவதில்லை, காதால் அறிகிறோம். மின்சார வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. 25 என்று நினைத்துக்கொண்டு 35-ல் வளைவுக்கு வந்திருப்போம், வளைந்த பிறகுதான் உறைக்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை விடுகிறோம், ரீஜென் பிடிக்கிறது, பின்சக்கரம் நகர்கிறது. உங்களுக்கு நடப்பது இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன்.

அதனால் வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இப்போதைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இடது லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும், அது போதும். சாய்க்கத் தொடங்கும்போது ஆக்ஸிலேட்டரை நூல் அளவு திறந்து வையுங்கள். வண்டி வேகமெடுக்கவும் கூடாது, ரீஜென் பிடிக்கவும் கூடாது, அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். மின்சார வண்டியில் அந்த இடம் மிகக் குறுகலானது. சமவெளியில் காலி மைதானம் ஒன்றில் பெரிய வட்டம் போட்டுப் பழகினால் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். ரீஜென் அளவை மாற்றும் வசதி வண்டியில் இருந்தால் மலைக்குக் குறைந்த அளவை வையுங்கள். ஒரு மோடில் ஏறி வேறு மோடில் இறங்கினால் கைக்கு ஒன்றும் பிடிபடாது.

இடப்பக்கக் கொண்டை ஊசியும் வலப்பக்கக் கொண்டை ஊசியும் ஒன்றல்ல. இடது வளைவில் நாம் உள்வட்டத்தில் இருக்கிறோம், ஆரம் குறைவு, சரிவு செங்குத்து, மழை அடித்துவந்த மணலும் அங்கேதான் கிடக்கும். அதனால் உள்விளிம்பை உரசிக்கொண்டு நுழையாதீர்கள். நம் பாதிக்குள்ளேயே நடுக்கோட்டுப் பக்கம் வந்து, வெளியேறும் வழி கண்ணில் பட்ட பிறகு தாமதமாகத் திருப்புங்கள். கண் முன்சக்கரத்தில் இருந்தால் வண்டி அங்கேயேதான் போகும். தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாகப் போகப்போகும் சாலையைப் பாருங்கள். வலது வளைவில் இடம் தாராளமாக இருக்கும், ஆனால் எதிர்ப்பாதிக்குள் குறுக்கே வெட்டத் தோன்றும். கூடவே கூடாது. மேலே வரும் பஸ் திரும்புவதற்கு மொத்தச் சாலையும் வேண்டும், மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். நம் வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்காது, நாம்தான் ஹாரன் அடிக்க வேண்டும்.

நண்பரைத் துரத்தாதீர்கள். நுழையும்போது மெதுவாக வந்து வெளியேறும்போது திறந்தால், மின்சார மோட்டாரின் உடனடி இழுவைக்கு அந்தப் பெட்ரோல் ஸ்கூட்டர் ஈடு கொடுக்காது. வண்டி நிமிர்ந்த பிறகு மட்டும் திறங்கள்.

ராசிபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. மறுபடியும் போய்வந்துவிட்டேன். 80-ஐத் தொட்டதும் சார்ஜரைக் கழற்றினேன், முதல் வளைவிலிருந்தே ரீஜென் ஒரே மாதிரி பிடித்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்ததில் பின்சக்கரம் நகரவில்லை. டயரில் மெக்கானிக் அண்ணா சொன்ன தட்டை இருக்கிறது, மாற்றப்போகிறேன். நூல் அளவு ஆக்ஸிலேட்டர் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, கொஞ்சம் குதிக்கிறது.

அடுத்த முறை அம்மாவையும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசை. இரண்டு பேர் என்றால் எதை மாற்ற வேண்டும்?

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

புது டயர் போட்ட உடனே மலைக்குப் போகாதீர்கள் தம்பி. மேல்பூச்சு தேயும்வரை வழுக்கும், முதல் 100 கி.மீ.யாவது சமவெளியில் நிதானமாக ஓட்டுங்கள்.

அம்மா உட்கார்ந்தால் பின்ஷாக் அமுங்கும், ஸ்டாண்ட் சீக்கிரமே உரசும், அதனால் இன்னும் குறைவாகத்தான் சாய்க்கலாம். ஷாக்கில் இறுக்கும் வசதி இருந்தால் ஒரு படி கூட்டுங்கள். பின்டயர் காற்றுக்கு இரண்டு பேருக்கான அளவு ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும். எடை கூடினால் இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரமும் கூடும், 75-க்கு மேல் ஏற்றாமல் கிளம்புங்கள். அம்மாவை ஒருபக்கமாக உட்கார வைக்காதீர்கள், இருபக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். புடவை என்றால் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். வளைவில் எதிர்ப்பக்கம் சாயாமல் உங்கள் முதுகோடு சேர்ந்து வரச் சொல்லுங்கள். பாதி வழியில் நிறுத்தி, தொடாமல் பிரேக் பக்கம் மோந்து பாருங்கள். லைனிங் கருகிய வாசம் வந்தால் ஆறும்வரை உட்கார்ந்துவிட்டு இறங்கலாம்.