பழைய மாருதி 800: முன்பக்கம் 'டக் டக்'. லோயர் ஆர்ம் வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய800:
1998 மாடல். மெதுவா குழியில இறங்கினா இடது முன்பக்கம் 'டக் டக்'. பிரேக் பிடிச்சு நிக்கும்போதும் ஒரு 'டக்'. ஷாக்ல எண்ணெய்க் கசிவு இல்ல. ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, சாக்கெட் செட் இருக்கு. எதை மாத்தணும், எங்க சிக்கும்?

பதினேழாம்நம்பர்:
ஷாக்கை விடுங்க. பிரேக்ல சத்தம் வருதுன்னா முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பார் புஷ், அதாவது ரெண்டு முன்பக்கத்தையும் இணைக்கிற வளைஞ்ச கம்பியோட ரப்பர். 800-ல அந்தக் கம்பியோட நுனி லோயர் ஆர்முக்குள்ள (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோட இணைக்கிற இரும்புக் கை) நுழைஞ்சு நட்டுல நிக்குது. சக்கரம் முன்னபின்ன நகராம பிடிக்கிறதும் அதுதான். ரப்பர் தேஞ்சா பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஆர்ம் நகர்ந்து இடிக்கும்.

அடுத்தது பால் ஜாயிண்ட், அதாவது ஆர்மோட வெளிநுனியை நக்கிளோட (சக்கரத்தைத் தாங்குற இரும்புத் துண்டு) சேர்க்கிற உருண்டை மூட்டு. சக்கரத்தைத் தூக்கி, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவுல கடப்பாறை விட்டு நெம்புங்க. மேலகீழ ஆட்டம் தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க, அது கழண்டா சக்கரமே மடங்கிடும். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது, ஒருத்தர் பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங்.

பால் ஜாயிண்ட்டோட சேர்ந்த முழு ஆர்மா வாங்குங்க. ரெண்டு பக்கமும் மாத்துறது நல்லது.

ரப்பர்புஷ்:
கழற்றும் முன் ரெண்டு முன்சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா கம்பி முறுக்கிக்கிட்டு நிக்கும், நுனி ஆர்மை விட்டு வராது. துருப்பிடிச்ச நட்டுக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரே அடிச்சு வைங்க.

எல்லாரும் சிக்குற இடம் பால் ஜாயிண்ட் போல்ட். அதைத் தளர்த்தினா போதாது, முழுசா உருவணும். ஜாயிண்ட் தண்டுல ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அது வழியாத்தான் போகுது. உருவாம சுத்தியலால அடிச்சா நக்கிள்தான் கெடும். உருவினதும் நக்கிள் பிளவுல தட்டை உளியைச் சொருகி லேசா விரிச்சு, ஆர்மைக் கீழே நெம்பினா வந்துடும். அப்போ நக்கிளை வெளிப்பக்கம் இழுக்காதீங்க. டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுத்துற தண்டு) உள்முனை கழண்டா கியர் ஆயில் தரையில.

பழைய800:
மாட்டும்போது எல்லா நட்டையும் அப்பவே இறுக்கிடலாமா?

ரப்பர்புஷ்:
கூடாது. புது புஷ் சீக்கிரமே கிழியறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புஷ்ஷோட நடுவுல உள்ள இரும்புக் குழாய் போல்ட்டோட இறுகிடும், அசைவு முழுக்க ரப்பர் முறுக்கத்துலதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினா, வண்டி தரையில இறங்கினதுமே ரப்பர் நிரந்தரமா முறுக்கிக்கிட்டு நிக்கும். அதனால ஆர்மோட உள்பக்க போல்ட்டைக் கையால மட்டும் மாட்டுங்க. பிறகு பால் ஜாயிண்ட்டுக்குக் கீழ ஜாக்கி வச்சு, வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் போற அளவு தூக்கி, சர்வீஸ் மேனுவல்ல உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய விசை அளவு) இறுக்குங்க.

ஸ்டெபிலைசர் நட்டோட ஸ்பிளிட் பின்னை (நட்டு கழறாம பூட்டுற சின்னக் கம்பி) திரும்பப் போடாதீங்க, புதுசு போடுங்க. வாஷரோட குழிவு எந்தப் பக்கம்னு கழற்றும்போதே போட்டோ எடுத்துக்குங்க.

பதினேழாம்நம்பர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. நாளைக்கு ஷாக்கையும் மாத்தணும்னு தோணினா, ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி) இல்லாம மேல் நடு நட்டைத் தொடவே கூடாது. அமுங்கின ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே அடிச்சுடும்.

இந்த வேலை முடிஞ்சதும் அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணம்) பார்க்கணும். 100 கிலோமீட்டர் ஓட்டினதும் எல்லா நட்டையும் ஒருதரம் சரிபாருங்க.