லோபெஸ் ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓய்வின் அடையாளமாக மல்யுத்த மேட் நடுவே காலணியைக் கழற்றி வைத்ததைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். மிஹாயின் லோபெஸின் கைப்பிடியைப் பாருங்கள். கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் எர்ரதுரா என்ற சிற்றூர்க்காரர். 2008 முதல் 2024 வரை கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தின் அதிகனப் பிரிவில் ஐந்து ஒலிம்பிக் தங்கம்.

*

இந்த வகையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலையும் பயன்படுத்தக் கூடாது. நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளுவதுதான் முதல் வேலை. பின்வாங்குகிறவருக்கு 'பாசிவ்' விழும்: எதிராளிக்கு 1 புள்ளி, கூடவே தரைநிலையில் மேலே இருந்து தாக்கும் வாய்ப்பு. கீழே கிடப்பவர் கைகால் பரப்பி வயிற்றை மேட்டோடு ஒட்டிக்கொள்வார். 130 கிலோ ஆளைத் தூக்கி எறிவது பெரும்பாடு. கட்டிப் புரட்டுவதுதான் லாபம், புரட்டலுக்கு 2 புள்ளி. கை எதிராளியின் கடைசி விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே பூட்டிக்கொள்ள வேண்டும். மார்புக்கு ஏறினால் வழுக்கிவிடும். கையை மட்டும் நம்பி இழுத்தால், புரளும்போது தன் முதுகே மேட்டில் சிக்கிப் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். இடுப்பை அடியில் செலுத்தி, கழுத்தை ஊன்றி முதுகை வளைத்துப் பாலம் போட்டால்தான் பாரம் புரளும்.

*

மேலே 130 கிலோ என்றதில் ஒரு திருத்தம். பெய்ஜிங்கும் (2008) லண்டனும் (2012) 120 கிலோ வரம்பு. 130 ஆனது 2014-ல். விதியும் வேறு: லண்டன் காலத்தில் மேலே இருப்பவர் 30 விநாடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் கீழே தாங்கியவருக்கே புள்ளி. இரண்டு விதியிலும் ஜெயித்ததுதான் ஆச்சரியம்.

தோல்வியே இல்லாதவரும் அல்ல. 2004 ஏதென்ஸில் ரஷ்யாவின் பரோயெவிடம் தோற்றார். நான்கே ஆண்டில் பெய்ஜிங் இறுதியில் அதே ஆளை வென்றார். துருக்கியின் ரிஸா கயால்ப் 2011, 2015 உலக இறுதிகளில் இவரைச் சாய்த்தார். ரியோ இறுதியில் 6-0 என்று கணக்குத் தீர்ந்தது.

*

டோக்கியோவில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அதன்பின் போட்டிகளே இல்லாமல் 41 வயதில் பாரிஸ் வந்தார். காலிறுதியில் ஈரானின் மிர்ஸாஸாதேவுடன் 3-1, அரையிறுதியில் அஜர்பைஜானின் ஷரியாத்தியுடன் 4-1. இறுதியில் எதிரே நின்ற யாஸ்மானி அகோஸ்தாவும் கியூபாக்காரரே. லோபெஸ் இருக்கும்வரை அணியில் இடம் கிடைக்காமல் சிலிக்குப் போனவர். லோபெஸின் பிடி அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அப்படியும் லோபெஸுக்கே வெற்றி, 6-0.