பதில்: சீன அலுமாரிக்கு 'அரக்கு' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சீன அலுமாரிகளில் உள்ள பளபளப்பான பூச்சுக்கு, ஆங்கிலத்தில் lacquer என்பதற்கு, தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். 'அரக்கு என்ற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு' என்று கேட்ட கோவை அக்காவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரக்கு நல்ல சொல்தான் அக்கா. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் சொந்தமாக இருக்கிறது.

அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. மரக்கொப்பில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சியின் சுரப்பைச் சுரண்டி, உருக்கி எடுப்பார்கள். மாத்தளைப் பக்கம் கடைந்த மரச் சாமான்களில் ஏற்றும் சிவப்பு மஞ்சள் வேலை அதுதான். பொதிகளுக்கு முத்திரை வைத்ததும் அதுதான். சீனர் அலுமாரிக்குப் பூசியது மரத்தின் பால். மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த அதே குடும்பத்து மரம். மாங்காயைக் காம்போடு ஒடித்துக் கடித்து, பால் பட்டு வாயோரம் புண்ணாகாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் குறைவு. சீன மரத்துப் பால் அதைவிடப் பொல்லாதது. கையில் பட்டாலே கொப்பளிக்கும். சலவைக்காரர் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் இதே குடும்பம்தான், அதன் சாறும் காற்றுப்பட்டால் கறுக்கும், துவைத்தாலும் போகாது.

அந்தப் பால் இறுகும் விதமும் வேறு. மற்றப் பூச்சுகளைப் போல வெயிலில் காயவைக்கும் சங்கதி இல்லை. ஈரப்பதன் 70, 80 வீதம் உள்ள அறையில் வைத்தால்தான் பாலில் உள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அதை இறுக்கும். ஒழுங்காக இறுகியபின் மதுசாரத்துக்கு (ஸ்பிரிட்டுக்கு) அது கரையாது. அரக்கோ மதுசாரத்தில் கரையும். பிரெஞ்ச் பொலிஷ் போடும் ஓடாவிமார் (தச்சர்) அரக்கைக் கரைப்பதே அதில்தான்.

இது வெறும் சொல் வழக்கு இல்லை என்று எனக்குப் பட்டது போன மாதம் சுன்னாகத்தில். ஓர் உறவினர் வீட்டில் சொத்துப் பிரிக்கிறார்கள். தகப்பனார் கொழும்பில் செகண்ட்ஹான்டாக வாங்கிய சீன அலுமாரி ஒன்று நிற்கிறது. 'சீன அரக்கு அலுமாரி, நல்ல நிலை' என்று பட்டியலில் எழுதி, அதற்கு ஏற்ற விலையும் போட்டிருந்தார்கள். தமிழில் விபரத்தைச் சரிபார்த்துத் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள்.

கதவுகள் கறுப்பு, அதில் பொன்னிறத்தில் மண்டபமும் ஆட்களும். இடது கதவின் விளிம்பில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார், குடையில் பாதியைக் காணவில்லை. எந்தச் சித்திரக்காரரும் அப்படி நிறுத்தமாட்டார். பலகையைப் பிறகுதான் அறுத்திருக்கிறார்கள். பிணைச்சலுக்குப் பக்கத்தில் பழைய ஆணித் துளைகள் மெழுகால் அடைத்துக் கிடந்தன. லாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தால் அடிப்பலகை புதுசு, பின்பக்கம் ஒட்டுப்பலகை, அதில் தொலைக்காட்சி வயருக்காக வெட்டிய வட்ட ஓட்டை. காலின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒற்றினேன். பஞ்சு பழுப்பாகிப் பிசுபிசுத்தது. கதவின் உள்விளிம்பில் ஒற்றிய பஞ்சு வெள்ளையாகவே வந்தது. (இதை யாரும் முன்பக்கத்தில் செய்து பார்க்க வேண்டாம். வருசக்கணக்காக வெளிச்சம் பட்ட பழைய பூச்சு, மதுசாரம் என்ன, தண்ணீர் பட்டாலே வெளிறக்கூடும்.)

அதாவது கதவில் இருப்பது மரப்பால், காலிலும் பக்கத்திலும் இருப்பது அரக்கு. இரண்டையும் 'அரக்கு' என்றே எழுதினால் கதவும் காலும் ஒரே வயது, ஒரே கை என்று ஆகிவிடுகிறது. மதிப்பு இருப்பது கதவில். மிச்சம் பாவிக்கக்கூடிய தளபாடம், அவ்வளவுதான்.

பழைய சரித்திரமும் இதையே சொல்கிறது. அந்த மரம் கிடைக்காத ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டிலேயே அரக்கையும் வேறு பிசின்களையும் கரைத்துப் பூசி, சீன, யப்பான் வேலையைப் போலச் செய்தார்கள். அசலை நாம் அரக்கு என்றால் அந்தப் போலிக்கு என்ன பெயர் வைப்பது? சீன மடக்குத் திரைகளை அறுத்து அலுமாரியும் கண்ணாடிச் சட்டமும் செய்ததும் அவர்கள்தான், சித்திரம் தலைகீழாகப் போனாலும் பார்க்கவில்லை. அந்தத் திரைகள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகப் போனதால் இன்றும் உலகம் முழுக்க 'கோரமண்டல்' என்றே விற்கிறார்கள். நமது கரையின் பெயரைத் தாங்கிய பொருளுக்கு நம்மிடம் சரியான சொல் இல்லாதது எனக்கு உண்மையில் மனவருத்தம்.

என் முன்மொழிவு: பால்மெருகு. பால்மெருகு அலுமாரி, பால்மெருகுத் திரை, பால்மெருகு மரம். யப்பானிய, பர்மிய, வியட்நாமிய வேலைகளும் மரப்பாலில்தான் என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும். தம்பி ஒருவர் சொன்ன 'மெருகெண்ணெய்' வார்னிஷுக்கு ஏற்கெனவே வழக்கில் உண்டு. பால் என்றால் வெள்ளை நிறம் நினைவுக்கு வரும் என்று மட்டக்களப்பு அண்ணர் தயங்கினார். மரத்தில் கீறி எடுக்கும்போது அது சாம்பல் வெள்ளைதான் அண்ணை, பிறகுதான் கறுக்கும். இறப்பர் பால், மாம்பால் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமும் தேவைப்படாது.

அடுத்தது, வேறு வேறு தளபாடங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியதற்கு என்ன சொல்? ஆங்கிலத்தில் 'marriage' என்பார்கள், அதை அப்படியே பெயர்த்து 'கல்யாணத் தளபாடம்' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்; அதைக் கேட்டால் சீதனத்துக்குக் கொடுத்த அலுமாரி என்றுதான் நம் சனம் விளங்கிக்கொள்ளும். வேர் ஒரு மரம், தலை ஒரு மரம் என்று நிற்கும் ஒட்டுமாங்கன்றை நினைத்து 'ஒட்டு அலுமாரி' என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் ஓடாவியிடம் காட்டியபோது, ஒட்டுப்பலகையில் செய்த அலுமாரியா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். விசயத்தை விளக்கியதும், "ஓ, தலை ஒண்டு உடம்பு ஒண்டு" என்றார். அதிலிருந்து ஒரு சொல் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். யாருக்காவது பிடிபட்டால் எழுதுங்கள். சுன்னாகத்துப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் திருத்திக் கொடுக்க வேண்டும். பால்மெருகு என்று அதில் எழுதத்தான் போகிறேன். மற்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

அன்புடன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்